மேற்கோளும் மெய்ப்பொருளும்

சொற்போர் மன்றத்தில் பேசப் புகும் மாணவர் முதலிற் செய்யும் காரியம், தம் கட்சிக்கு அரணாக ஒரு பேரறிஞரின் வாக்கைத் தேடுவதாகும். நூல் நிலையத்திற் சென்று ஒரு பெரிய நூலைப் புரட்டுவர். வேண்டிய வாக்கியம் அகப்பட்டதும் அதனைத் தாளில் எழுதிக்கொண்டு நூலை மூடிவிடுவர். அவ்வாக்கியத்திற்கு முன் யாது உளது, பின் யாது உளது என்று நோக்குவார் மிகச் சிலரே. இக்கட்டுரை எழுதுவோனும் இளமையில் அங்ஙனம் செய்தவனே. மன்றத்தில் இதனாற் பெருங்கேடு ஒன்றும் விளைந்துவிடாது. மிஞ்சினால் பரிசுக்கோப்பை ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறும். ஆனால், நாட்டை ஆள்வோரும் ஆள விழைவோரும் இதனையே செய்வாராயின் விளைவு யாதாகும்? இவ்வினாவிற்கு நம் நாட்டு வரலாறே விடை தருகின்றது. அவ்விடை மிகவும் துயரமானது.

பொருளியல் என்னும் சாஸ்திரத்திற்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் ஆதம் ஸ்மித். இவர் 1723-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்துக் கிர்க்கால்டி என்னும் ஊரிற் பிறந்தவர். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் அறநூற் பேராசிரியராக விளங்கியவர். 1759-ல் அறவுணர்ச்சிகளைப் பற்றி ஒரு நூலும், 1776-ல் நாடுகளின் செல்வத்தைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பின்னதாகிய நூலே இவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. இந்நூலைப் படியாதவரும் இதிலுள்ள ஒரு தொடரை அறிவர். ‘கண்ணுக்குத் தெரியாத கை’ என்பதே அத்தொடர். ஒவ்வொருவனும் தன் நலத்தை நாடினாற் போதும், அக்கை எல்லோர்க்கும் நன்மையைக் கூட்டிவைக்கும், அரசு கைகட்டி நின்றாற் போதும் என்பதே ஸ்மித்தின் முழுப் போதனை என்று மேடைகளிற் பேசுவாருளர்.

உண்மை யாது? அவ்வளவு பெரிய நூலில் அத்தொடர் ஒரே ஓரிடத்திற்றான் வருகின்றது. அவ்விடத்திற் கூறப்படுவதும் குறிப்பிட்ட ஒரு செய்தியே. வணிகன் தன் முதலை அயல்நாட்டில் இடுவதினும் கண்காணிப்பிற்கு எளிதான தாய்நாட்டில் இடவே விரும்புகின்றான். அவன் கருதாமலே அதனால் நாட்டுத் தொழில் வளர்கின்றது என்பதே அது. வணிகர் நினைப்பதெல்லாம் நாட்டிற்கு நன்மை என்று ஸ்மித் எங்கும் கூறினாரில்லை. ஒரே தொழிலினர் சிலர் விருந்திற்குக் கூடினாலும் அவர்கள் பேச்சு விலையை ஏற்றும் சூழ்ச்சியிற் போய் முடியும் என்று எச்சரித்தவரும் அவரே. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே அரசு வகுக்கும் விதி தொழிலாளிக்குச் சார்பாக இருக்குமாயின் அது எப்போதும் நியாயமானதே என்று எழுதியவரும் அவரே.

அரசின் கடமைகளையும் ஸ்மித் மூன்றாக வகுத்துரைத்தார். பகைவரினின்று நாட்டைக் காத்தல் ஒன்று. நீதி செலுத்தல் ஒன்று. சமுதாயத்திற்குப் பெரும்பயன் தருவனவாயினும் தனியொருவர்க்கு இலாபம் தாராத பொது வேலைகளைச் செய்தல் மூன்றாவது. ஏழை மக்களின் கல்வியையும் இம்மூன்றாவதன் கீழ் அவர் வைத்தார்.

இம்மூன்றாவது கடமைக்கு உதாரணம் தேடி நாம் ஸ்காத்லாந்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. முக்கொம்புக்குச் சென்றாற் போதும். ஸ்ரீரங்கத் தீவின் மேற்குத் தலைப்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருத்தலின், நீர் அதன் வழியே மிகுதியாக ஓடி, தஞ்சை வயல்களுக்குச் செல்லும் காவிரி மெலிந்துவந்தது. அதனைத் தடுக்க 1836-ஆம் ஆண்டிற் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டுவித்தவர் ஆர்தர் காட்டன். ஒரு மிராசுதார் தம் பணத்தைக் கொண்டு இவ்வணையைக் கட்டியிருப்பாரா? கட்டினும், பயன் பெற்ற ஆயிரமாயிரம் உழவரிடம் எவ்வாறு இலாபம் பெற்றிருப்பார்? 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவ்வணையின் மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, புதிய கதவணையைக் கட்டியதும் அரசேயாம். இவ்வாறான வேலைகளைச் செய்யாத அரசை ஸ்மித் கடமை தவறிய அரசென்றே கொண்டிருப்பார்.

இனித் தாது வருஷப் பஞ்சத்தின் வரலாற்றை நோக்குவோம். 1876-ஆம் ஆண்டிற் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்திற் பல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆர்க்காடு, சேலம், கோயமுத்தூர் முதலிய வறண்ட ஜில்லாக்களிலும், மைசூரிலும் கொடிய பஞ்சம் தோன்றி 1878 வரை நீடித்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அப்பஞ்சத்தின் பெயரைச் சொல்லிக் கும்மியடித்த கிழவிகளும், அதன் கதைகளைச் சொல்லிப் பேரக்குழந்தைகளுக்குச் சோறூட்டிய பாட்டிமாரும் நம் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தனர்.

அக்காலத்துச் சென்னைக் கவர்னராயிருந்தவர் பக்கிங்காம் பிரபு. அவருடைய அரசு பஞ்சத்தின் தொடக்கத்தில் ஆர்பத்நாட் கம்பெனியின் வாயிலாக 30,000 டன் தானியம் வாங்கிச் சேமித்தது. இஃது அறிந்த இந்திய அரசு அச்செயலைக் கண்டித்தது. அரசு தானியச் சந்தையில் இறங்கினாற் தனி வணிகர் பின்வாங்குவர். ஆதலின் தனி வணிகத்தில் எவ்வகையிலும் தலையிடாமையே பஞ்சக் கொள்கைக்கு அடிப்படை என்பது வைசிராய் லிட்டன் பிரபுவின் உறுதியான முடிவு. இம்முடிவை நிறைவேற்ற அனுப்பப்பட்டவர் ஸர் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த டெம்பிளின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1874-ஆம் ஆண்டில் பீஹாரிற் பஞ்சம் வந்தபோது இவரே பர்மாவினின்று சுமார் 4½ லட்சம் டன் அரிசி தருவித்து மக்களைக் காத்தார். பட்டினியால் இறந்தோர் மிகச் சிலரே. ஆனால், பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று இவர் கடுமையாகத் தூற்றப்பட்டார். அத்தூற்றலுக்கு அஞ்சியோ என்னவோ, 1877-ல் சென்னைக்கு வந்தபோது இவர் வேறொரு மனிதராகவே வந்தார். நிவாரண வேலையில் உழைப்போர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் பெறக்கூடிய கூலி போதும் என்று விதித்தார். சென்னைச் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வளவைக் கொண்டு கல்லுடைக்கும் உடல் நில்லாது என்று அஞ்சாது வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே அக்கூலி உயர்த்தப்பட்டது. இதனிடையே மெலிந்தோர் மெலிந்தனர், மடிந்தோர் மடிந்தனர். அதே ஆண்டுகளில் இந்தியாவினின்று கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்றுகொண்டிருந்தது.

தலையிடாமை என்னும் இக்கொள்கைக்கு வேர் எங்கே? கம்பெனியின் அலுவலில் அமரவிருந்த இளைஞர்க்கு ஹெய்லிபரிக் கல்லூரியிற் பொருளியல் கற்பிக்கப்பட்டது. 1805 முதல் தாம் இறந்த 1834 வரை அங்கே ஆசிரியராயிருந்தவர் மால்தஸ். ஸ்மித்தின் நூல் அவ்விளைஞர்க்கு வேதம் போன்றது. 1812-ஆம் ஆண்டிற் பஞ்சம் வந்தபோதே பம்பாய் அரசு, தானிய வணிகத்தைப் பற்றி அப்பேராசிரியர் எழுதியவை எந்நிலையிலுள்ள சமுதாயத்திற்கும் பொருந்துவன என்று எழுதி, தான் தலையிடாதிருப்பதற்கு அதனையே காரணமாகக் காட்டிற்று. 1866-ல் ஒரிஸ்ஸாவில், அரிசி தருவிக்க வேண்டும் என்று கேட்ட கமிஷனருக்குக் கல்கத்தா ரெவினியூ போர்டு மறுப்பே விடுத்தது. அங்கு மாண்டோர் சுமார் 10 லட்சம். தாது வருஷத்திலும் பழைய பாடமே ஒப்பிக்கப்பட்டது.

இவ்வதிகாரிகள் ஸ்மித்தின் வாயில் இல்லாத சொல்லைப் புகுத்தினர் என்று நாம் கூறலாகாது; கூறின் நாமும் அவர்கள் செய்த பிழையையே செய்தவராவோம். தானிய வணிகம் தடையின்றி நடத்தல் வேண்டும் என்று ஸ்மித் திண்ணமாகவே எழுதினார். விளைச்சல் குறைந்த ஆண்டில் விலையை அரசு வலிந்து குறைத்தால், மக்கள் உள்ளதை விரைவில் உண்டு தீர்த்து, ஆண்டின் கடைசியிற் பட்டினி கிடப்பர். விலை ஏறுவதால் எல்லோரும் சிறிது சிறிதாகச் செலவிடுவர். தானியத்தைச் சேமித்துவைக்கும் வணிகன், தான் அறியாமலே, கப்பலில் உணவு குறைந்தபோது பயணிகளுக்கு அளவிட்டுக் கொடுக்கும் தலைவனைப் போன்றவனாகின்றான். இவ்வாதத்தில் உண்மை உண்டு. இன்றும் இதனை மறுத்தல் எளிதன்று.

ஆனால், அதிகாரிகள் விட்டுவிட்டவை மூன்று. முதலாவது, ஸ்மித் பஞ்சத்தையும் தட்டுப்பாட்டையும் வேறு பிரித்தார். தம் காலத்து ஐரோப்பாவைக் கண்முன் வைத்தே அவர் எழுதினார். பலவகை நிலமும் நெடிய வாணிகப் பாதைகளும் கூலி பெறும் தொழிலாளரும் உள்ள நாடு அது. இரண்டாவது, வங்காளத்தில் 1770-ல் நேர்ந்த பெரும் பஞ்சத்தை அவரே எடுத்துக்காட்டி, கம்பெனி ஊழியர் அரிசி வணிகத்தில் இட்ட கட்டுகளே தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்கியிருக்கக் கூடும் என்று ஐயுற்றார். கம்பெனியை அவர் வெறுத்ததற்குக் காரணம், வணிகனே அரசனாக இருந்ததுதான். அந்தக் கம்பெனியின் வழிவந்த அரசே அவருடைய நூலைத் தனக்குக் கேடயமாகக் கொண்டது வியப்பன்றோ! மூன்றாவது, கூலியைப் பற்றிய அதிகாரத்தில் அவர் வேறோர் உண்மையையும் கூறினார். தேசத்தின் முதல் தேய்ந்துவருமிடத்தில், வேலை தேடுவோர் மிகுந்து, கூலி குறைந்து, வேலையே கிடையாமற் பலர் பட்டினியால் மடிவர் என்பதே அது. இதற்கு உதாரணமாக அவர் காட்டியதும் வங்காளமே.

இம்மூன்றாவது உண்மையே தாது வருஷத்திற்கு முழுதும் பொருந்துவது. காவிரிப் பாய்ச்சலுள்ள தஞ்சை நாட்டில் வறண்ட ஜில்லாக்களைப் போன்ற அழிவு இல்லை. நாகப்பட்டினத்தினின்று திருச்சிராப்பள்ளிக்கும், இங்கிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்கும் இருப்புப்பாதை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்டிருந்தது. நெல்லுக்குப் போக வழி இருந்தது. ஆனால், மழையின்றி உழவு நின்றதால் கூலியாளுக்கு வேலை இல்லை. தறியிற் நெய்த துணியை வாங்குவாரில்லாமையால் நெசவாளிக்கும் வருவாய் இல்லை. கையிற் காசில்லாதவன் வாயிலில் எந்த வணிகன் வந்து மூட்டையை இறக்குவான்? சந்தை என்பது பசியைக் கேளாது, காசையே கேட்கும். ரயில் வண்டி நெல்லைப் பஞ்சப் பகுதிக்குக் கொண்டு சென்றது போலவே, பஞ்சத்தின் விலையை நெல் விளைந்த பகுதிக்கும் கொண்டுவந்தது. உணவு இல்லாமையினும் உணவைப் பெறும் உரிமையும் வகையும் இல்லாமையே பஞ்சத்திற்குக் காரணம் என்பதை அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக நிறுவினார். அவ்வுண்மையின் வித்து ஸ்மித்தின் நூலிலேயே கிடந்தது. அதிகாரிகள் ஓர் அதிகாரத்தைப் படித்து மற்றோர் அதிகாரத்தை மூடிவிட்டனர்.

மால்தஸின் பெயருக்கும் இக்கதியே நேர்ந்தது. மக்கட்டொகை உணவினும் விரைவாகப் பெருகும் என்னும் அவர் கோட்பாட்டை, இந்தியர் மடிவது இயற்கையின் செயல் என்று கூறி வாளாவிருப்பதற்கு ஆட்சியாளர் பலர் பயன்படுத்தினர். ஒரு கோட்பாட்டை ஆராய்ச்சிக்குத் துணையாகக் கொள்ளுதல் வேறு. பொறுப்பினின்று தப்பும் வாயிலாகக் கொள்ளுதல் வேறு.

இப்பிழையை நன்கு உணர்ந்து அறிவு வழியில் மறுத்தவர் மகாதேவ கோவிந்த ரானடே. 1892-ஆம் ஆண்டிற் புனாவின் தக்காணக் கல்லூரியில் அவர் ஆற்றிய விரிவுரை யாவரும் படிக்கத்தக்கது. பொருளியல் விதிகள் சில நிபந்தனைகளின் மேல் நிற்பன. அந்நிபந்தனைகள் இல்லாத நாட்டில் அவ்விதிகளை அப்படியே பொருத்துதல் சாஸ்திரம் ஆகாது என்பதே அவர் வாதம். அவர் மேனாட்டு அறிஞரைத் தூற்றினாரில்லை. அவர்களை முழுதும் படித்தே, அவர்கள் வரையறுத்த எல்லையைக் காட்டினார். திருவையாற்றிற் பிறந்து சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஆங்கில ஆட்சியின் பொருளியல் விளைவுகளைப் பற்றி 1903-ல் நூல் வெளியிட்டு இந்நெறியைத் தொடர்ந்தார்.

இவையெல்லாம் அன்னிய ஆட்சியின் கதைகள், இன்று நம்மை நாமே ஆள்கின்றோம் என்று சிலர் கூறலாம். மேற்கோளை வெட்டும் கத்தி எக்கட்சிக்கும் உரியதே. கார்ல் மார்க்ஸ் 1853-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றிற்கு இந்தியாவைப் பற்றி எழுதிய கட்டுரைகளை எடுத்துக்கொள்க. ஆங்கில ஆட்சி பழைய சமுதாயத்தை அழித்துப் புதியதற்கு அடிகோலுகிறது என்னும் பகுதியை ஒரு சாரார் எடுத்துக்காட்டுவர். அவ்வாட்சியின் கொடுமைகளைக் கண்டிக்கும் பகுதியை மற்றொரு சாரார் எடுத்துக்காட்டுவர். இந்தியர் அந்நுகத்தை உதறும் வரையிலோ, இங்கிலாந்தில் தொழிலாளர் ஆட்சி ஏற்படும் வரையிலோ அப்புதியதன் பயனை நுகரார் என்னும் முடிவு, இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படிப்பவர்க்கே விளங்கும்.

நம் நாட்டுப் பழம்பெரும் பொருணூலாசிரியரான கௌடில்யர் நிலையும் இதுவே. அவருடைய அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. தஞ்சை ஜில்லாப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்நாட்டு நூல் நிலையத்திற்கு அளித்த ஏட்டைக் கொண்டே ஆர். சாமசாஸ்திரி 1909-ல் அதனை அச்சேற்றினார். பின்னர் அந்நூல் நம் நிதியமைச்சர்க்கு விருப்பமான மேற்கோட் பெட்டகமாயிற்று. 2010-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையிற் பிரணாப் முகர்ஜி அதனை எடுத்துக்காட்டினார். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்ற பொருளாதார ஆய்வறிக்கை, ஸ்மித்தின் கண்ணுக்குத் தெரியாத கையையும், அர்த்தசாஸ்திரத்தையும், திருக்குறளின் பொருள் செயல்வகை அதிகாரத்தையும் ஒருங்கே நிறுத்தி, செல்வம் ஈட்டுதலின் சிறப்பைப் பேசிற்று. அதனை அவையில் வைத்தவர் நம் நகரத்துச் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியிற் பொருளியல் பயின்ற நிர்மலா சீதாராமன் அவர்கள். சந்தைக்கு நம்பிக்கை என்னும் மற்றொரு கையும் துணை வேண்டும் என்று அவ்வறிக்கை கூறியது பாராட்டத்தக்கதே.

எனினும், அர்த்தசாஸ்திரத்தைக் கட்டற்ற சந்தைக்கு முன்னோடியாகக் காட்டுதல் முழுமையாகாது. உள்நாட்டுச் சரக்கிற்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்கிற்கு நூற்றுக்கு 10 என்று வணிகரின் இலாபத்தை வரையறுத்தவர் கௌடில்யர். கூடி விலையேற்றும் வணிகர்க்குத் தண்டம் விதித்தவரும், சுரங்கம், உப்பு, மது முதலியவற்றை அரசின் அதிகாரத்திற்குள் வைத்தவரும் அவரே. இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பொதுவுடைமைக்காரர் ஆக்குவதும் அத்துணைப் பிழையாம். வள்ளுவரோ, செல்வத்தைச் செய்க என்று கூறிய அதே அதிகாரத்தில், அருளும் அன்பும் இல்லாது வரும் பொருளை ஏலாது தள்ளுக என்றும் கூறினார்.

நேர்மையாக எடுத்தாளப்படும் மேற்கோளும் உண்டு. ‘நெடுங்காலத்தில் நாம் எல்லோரும் இறந்திருப்போம்’ என்னும் கருத்துப்பட 1923-ல் எழுதியவர் கீன்ஸ். இவர் இளமையில் இந்தியா ஆபீஸில் அலுவல் பார்த்தவர். வருங்காலத்தைப் பற்றிக் கவலையில்லை என்பதே இதன் பொருள் என்று பலர் இவரைப் பழித்தனர். புயல் ஓய்ந்தபின் கடல் அமைதியாகும் என்று மட்டும் கூறும் பொருளியலறிஞன் புயலில் அகப்பட்டவனுக்கு உதவியவன் ஆகான் என்பதே அவர் கருதியது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டதைப் பற்றி மாநிலங்களவையிற் பேசிய மன்மோகன் சிங் இவ்வாக்கை எடுத்தாண்டார். அவர் வாதத்தை ஒப்பலாம், மறுக்கலாம். ஆயின், அன்றைய துன்பத்தை நோக்குக என்ற அளவில் அவர் மூலநூலின் கருத்தைத் திரித்தாரில்லை.

இவ்வளவும் கண்டபின், மேற்கோளைச் சோதிக்கும் வழி யாது? மாணவர் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். இவ்வாக்கியம் நூலில் எவ்விடத்தில் வருகின்றது? எவரை நோக்கி, எக்காலத்து நிலையைக் கருதிச் சொல்லப்பட்டது? இதனைச் சொன்னவரே விதித்த நிபந்தனைகள் யாவை; அவை இங்கே உளவா? அறிஞர் பெயரை நீக்கிவிட்டால், சொல்வோரிடம் எஞ்சி நிற்கும் சான்று யாது? இந்நான்காவது வினாவே எல்லாவற்றினும் முதன்மையானது. 1877-ல், சேலத்துக் கூலியாளின் கையில் நெல் வாங்கக் காசு உளதா என்று ஒருவர் சென்று கேட்டிருந்தாற் போதும். ஸ்மித்தைப் புரட்ட வேண்டியதே இல்லை. டாக்டர் கார்னிஷ் செய்தது அதுவே. அவர் நூலை நோக்கவில்லை, உடலை நோக்கினார்.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நாள்தோறும் பலர் குடங்களில் நீர் முகந்து செல்கின்றனர். குடத்திலிருப்பதும் காவிரி நீரே. ஆயினும் குடத்தைக் காட்டிக் காவிரியின் போக்கும் ஆழமும் இவ்வளவே என்று சொல்பவனை நாம் நம்புவதில்லை. வரும் ஆண்டின் சொற்போரில் நம் மாணவர் ஒருவர், தம் எதிர்க்கட்சிக்குச் சாதகமான பக்கத்தையும் படித்துவிட்டு மேடையேறுவாராயின், கோப்பை கிட்டாமற் போகலாம். ஆயினும், பிற்காலத்தில் அவர் கையெழுத்தால் ஓர் ஊருக்கு அரிசி செல்வதும் செல்லாததும் முடிவாகும் நிலை வந்தால், அவ்வூரார் பிழைப்பர்.